பதில்: ‘விளக்கை எடு’ புரியாத எழுத்து விளையாட்டு

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் கதை நடக்கும், கட்டளைகளைத் தட்டி ஆடும் உங்கள் எழுத்து விளையாட்டில் ‘விளக்கை எடு’ என்று தட்டினால் ‘தெரியவில்லை’ என்றே வருவதாக எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்துக்காக எழுதிய நிரல் முதல் சொல்லில் வினையைத் தேடும். நமக்கு அது கடைசியில். சரி, கடைசிச் சொல்லை வினையாகப் படிக்க வையுங்கள்.

வேற்றுமை உருபை மட்டும் வெட்டப் போகாதீர்கள். ‘மரத்தை’யில் ‘ஐ’ உருபை நீக்கினால் ‘மரம்’ கிடைக்காது. மரம், மரத்தை, மரத்தில் என்று ஒவ்வொரு வடிவத்தையும் பொருளின் பெயர்ப்பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வேலை அதிகம்தான், ஆனால் ஆடுபவரை ஏமாற்றாது.

அப்புறம், ‘கொ’வின் கொம்பும் காலும் யூனிகோடில் (கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையில்) ஒரே குறியாகவும் வரும், இரண்டாகவும் வரும். தட்டிய சொல்லைப் பட்டியலோடு ஒப்பிடும் முன், இரண்டையும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றுங்கள்.

குவீன் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயிலையும் ஒரு காட்சியாக வையுங்களேன். ஆட ஆசையாக இருக்கிறது.