ஓடுவதற்கு யார் காசு கொடுப்பார்கள்? (வாசகர் கேள்வி, டீச்சர் பதில்)

கேள்வி: வணக்கம் டீச்சர். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்) என் சொந்த ஊர். வயது 23. உடற்கல்விப் பட்டம் முடித்து ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கோவை நேரு விளையாட்டரங்கில் 10,000 மீட்டரை 30 நிமிடம் 40 விநாடியில் ஓடியிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் பெங்களூரில் தங்கி முழுநேரமாகப் பயிற்சி எடுக்க ஆசை. வருடத்துக்கு ஆறு லட்சம் ஆகும். கணக்கை இணைத்திருக்கிறேன். அப்பா ஒரு ஏக்கர் தேயிலையை விற்றுவிடலாம் என்கிறார். நண்பர்கள் இணையத்தில் நிதி திரட்டச் சொல்கிறார்கள். எது சரி?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கோத்தகிரி

பதில்: தம்பி, முதலில் அப்பாவிடம் போய்த் தோட்டத்தை விற்கும் பேச்சை நிறுத்துங்கள். பச்சைத் தேயிலை விலை எவ்வளவு விழுந்தாலும் நிலம் நிலம்தான். உங்கள் தொடைத் தசை கிழிந்த மறுநாளும் அந்த வீட்டில் உலை கொதித்தாக வேண்டும்.

இனி உங்கள் நேரத்துக்கு வருகிறேன். பள்ளி வேலைக்கு நடுவே ஓடி 30:40 எடுத்திருக்கிறீர்கள் என்றால் கால்களில் சரக்கு இருக்கிறது. ஆனால் நம் நாட்டு ஓட்டக்காரர் குல்வீர் சிங் 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் இதே தூரத்தை 27 நிமிடம் 00.22 விநாடியில் முடித்தார். இடைவெளி 3 நிமிடம் 40 விநாடி. 25 சுற்றுக்குப் பிரித்தால் சுற்றுக்கு ஏறக்குறைய 9 விநாடி. அவர் கோட்டைத் தொடும்போது உங்களுக்கு இன்னும் மூன்று சுற்று பாக்கி இருக்கும். பணம் கேட்கப் போகிறவர் இந்தக் கணக்கைத் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். கொடுத்தவர் பிறகு எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை கதவு திறக்காது.

சரி, அந்த குல்வீர் சிங்குக்குச் சோறு போடுவது யார்? ராணுவம். தடைகளைத் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸ் வீரர் அவினாஷ் சாப்ளே? ராணுவம். 2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கிய நம் புதுக்கோட்டை லட்சுமணன்? அவரும் ராணுவம்தான். 2010 ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரன் ரயில்வே. நம் நாட்டில் நெடுந்தூர ஓட்டக்காரருக்குப் புரவலர் என்று ஒருவர் உண்டென்றால், அது முதல் தேதியில் சம்பளம் போடும் அலுவலகம்தான். எனவே இரண்டு வருடக் கனவுக்கு நிதி திரட்டாதீர்கள். அந்த அலுவலகத்தின் வாசல் வரை போய்ச் சேரத் திரட்டுங்கள். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் வயது வரம்பு 25. உங்களுக்கு 23. தேசியப் போட்டியில் எத்தனையாவது இடம் என்றுதான் அங்கே கேட்பார்கள். எந்த ஊரில் தங்கிப் பயிற்சி எடுத்தீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

உங்கள் ஆறு லட்சப் பட்டியலைச் சிவப்புப் பேனாவோடு படித்தேன். பெங்களூர் வாடகை என்று ஒரு பெரிய தொகை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 920 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர்; உங்கள் ஊர் அதைவிடச் சில நூறு மீட்டர்தான் தாழ்வு. பெலாரஸ் பயிற்சியாளர் நிகோலாய் ஸ்னெசரேவ், நம் நெடுந்தூர வீராங்கனைகள் ஜெய்ஷாவையும் லலிதா பாபரையும் சுதா சிங்கையும் ஊட்டிக்குக் கூட்டிவந்து ஓடவைத்தார். ஊரார் ஏறிவருகிற மலையிலிருந்து நீங்கள் வாடகை கொடுத்து இறங்கப் போகிறீர்களா? காற்று மெலிந்த இடத்தில் வாழ்ந்தால் உடம்பு தானாகவே சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். ஆகவே ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க ஆகும் செலவை மட்டும் வெட்டாதீர்கள்.

மலையில் ஒரு குறை உண்டு. போட்டி வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட நுரையீரல் இடம் கொடுக்காது. அதற்கு வாரம் ஒருநாள் முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை மைதானத்துக்குப் போங்கள். வேகப் பயிற்சியை முடித்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் விமானம் ஏறிச் செய்வதை நீங்கள் பஸ் டிக்கெட்டில் செய்துவிடலாம்.

பட்டியலில் அடுத்தது, 25,000 ரூபாய் கார்பன் தகட்டு ஷூ இரண்டு ஜோடி. தம்பி, 2024 நவம்பரிலிருந்து தடகளப் பாதையில் 20 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான அடிப்பாகம் கொண்ட ஷூவுக்கு உலகத் தடகளச் சம்மேளனம் இடம் தருவதில்லை. சாலை ஓட்டத்துக்கான அந்தத் தடித்த ஷூவைப் போட்டுக்கொண்டு 10,000 மீட்டர் ஓடினால் முடிவே செல்லாது. அடியில் ஆணி வைத்த ஸ்பைக் ஷூ ஒரு ஜோடி வாங்குங்கள். மிச்சப் பணத்தை அன்றாடப் பயிற்சி ஷூவில் போடுங்கள். வாரம் 140 கிலோமீட்டர் என்றால் மாதம் 600. ஒரு ஜோடி 600, 700 கிலோமீட்டரில் செத்துவிடும். வருடத்துக்குப் பத்து ஜோடி, ஜோடி ஏழாயிரம் என்றால் அதுவே எழுபதாயிரம். இதைத்தான் உங்கள் பட்டியலில் மறந்துவிட்டீர்கள்! நாங்கள் ஓடிய காலத்தில் கேன்வாஸ் ஷூ கிழிந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுப்போம். இன்றைய நுரை ஷூவை யாராலும் தைக்க முடியாது.

சத்துணவுக்கு மாதம் ஏழாயிரம் என்று வருடத்துக்கு 84,000, போட்டிப் பயணத்துக்கு நாற்பதாயிரம், பிசியோதெரபிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இருபத்தைந்தாயிரம், கோவை பஸ்ஸுக்கும் மைதானத்துக்கும் பதினைந்தாயிரம். ஷூவையும் சேர்த்தால் இரண்டே கால் லட்சத்துக்குச் சற்று மேல். ஸ்பைக்ஸோடு இரண்டரையில் நிற்கும்.

வேலையையும் முழுக்க விடாதீர்கள். முழுநேரப் பயிற்சி என்றால் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். மிச்சமெல்லாம் சாப்பாடும் தூக்கமும். நாள் முழுக்க மைதானத்தில் விசில் ஊதி நிற்பவருக்குக் கிடைக்காதது மதியத் தூக்கம் ஒன்றுதான். அதைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள். மதியம் வரை மட்டும் வேலை, பாதிச் சம்பளம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளியின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஓடுகிறேன் என்றும் சொல்லுங்கள்; தனியார் பள்ளிக்கு அது பிடிக்கும்.

அரசு வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதம் 50,000 தரும் மத்திய அரசின் ஒலிம்பிக் திட்டம் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கானது. இப்போது உங்களுக்கு எட்டாது. 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை போட்டிப் பயணத்துக்கும் உபகரணத்துக்கும் உதவுகிறது. சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கி இன்றே விண்ணப்பியுங்கள். பெரிய நிறுவனங்கள் கம்பெனிச் சட்டப்படி சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் தொகையை விளையாட்டுப் பயிற்சிக்கும் செலவிடலாம். ஆனால் அது பெரும்பாலும் பதிவுபெற்ற அறக்கட்டளை வழியாகத்தான் வரும்; உங்கள் கையில் நேராக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மிச்சத்துக்கு ஊர் இருக்கிறது. மாதம் 500 ரூபாய் கொடுக்க 25 பேர். வருடத்தில் ஒன்றரை லட்சம். கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் உங்கள் ஹட்டிப் பிள்ளைகளையும், இலை வாங்கும் தொழிற்சாலைக்காரரையும், கூடப் படித்தவர்களையும் நேரில் போய்ப் பாருங்கள். இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் மருத்துவமனைப் படுக்கைக்குக் கொடுப்பார்கள். ஓடுகிற காலுக்குக் கொடுக்க உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். கடிதத்தில் ‘ஒலிம்பிக் கனவு’ என்ற சொல்லே வரக்கூடாது. இப்படி எழுதுங்கள்: ‘ஒரு வருடத்துக்குள் 29 நிமிடம் 45 விநாடிக்குள் ஓட வேண்டும். தேசியப் போட்டியில் முதல் எட்டு இடத்துக்குள் வர வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் அடுத்த வருடம் உங்களிடம் கேட்க மாட்டேன்.’ மாதக் கடைசியில் அந்த 25 பேருக்கும் ஒரு பக்கத் தாள் போக வேண்டும். ஓடிய தூரம், போட்டி நேரம், ஷூ ரசீது, அடிபட்டிருந்தால் அதுவும். அடிபட்டதை மறைப்பவரிடம் மறுபடி யாரும் காசு கொடுப்பதில்லை.

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுவதும் உங்கள் வருமானமாகக் கணக்கில் வரும். மாமா, சித்தப்பா, அத்தை கொடுத்தால் வராது. நண்பர் கொடுத்தால் வரும். மொத்த வருமானம் வரம்புக்குள் இருந்தால் வரி இருக்காது. ஆனாலும் யார், எப்போது, எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி: ஏரியைச் சுற்றி ஓடினாலே போதுமா? ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டுமா?
– கல்லூரி மாணவர், கொடைக்கானல்

பதில்: ஜிம் வேண்டாம். ஏரிச் சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நிதான ஓட்டத்துக்கு நல்லது. சீசனில் மட்டும் சைக்கிளும் குதிரையும் வருமுன் முடித்துவிடுங்கள். வாரம் ஒருநாள் வானியல் ஆய்வகச் சாலையில் ஏறுங்கள். கால்களுக்கு அதைவிட நல்ல ஜிம் இல்லை.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. 3,000 மீட்டர் ஓடுகிறாள். 4,000 ரூபாய்க்குப் புரதப் பொடி வாங்கச் சொல்கிறார் பயிற்சியாளர். வாங்கலாமா டீச்சர்?
– ஒரு தாய், குன்னூர்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. டப்பாவில் எழுதாத பொருள் உள்ளே கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் பொறுப்பு முழுவதும் ஓடிய பெண்ணுடையது. தெரியாமல் குடித்தேன் என்றால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள். இரண்டு முட்டை, கடலை உருண்டை, ராகிக் களி, வாரம் இரண்டு நாள் முருங்கைக் கீரை போதும். பயிற்சி கூடக் கூடச் சோற்றையும் கூட்டுங்கள். மெலிந்தால்தான் வேகம் வரும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மாதவிடாய் மூன்று மாதம் தள்ளிப்போனால் உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நாலாயிரம் கையில் இருக்கிறது என்றால் அவளுடைய ஷூவைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தால் கடைக்குப் போக வேண்டியது அதற்குத்தான்.