பக்கத்து வீட்டு போரில் 240 அடியில் தண்ணீர், எங்கள் போரில் 1,050 அடியிலும் புழுதி. சேலத்தில் ஏன் இப்படி?

கேட்கப்பட்டது இது: "சேலத்தில் புதிதாக வீடு கட்டுகிறோம். 1,050 அடி போர் போட்டும் புழுதிதான் வந்தது. இரண்டு வீடு தள்ளி 240 அடியில் தண்ணீர் இருக்கிறது. இன்னும் ஆழமாகப் போடலாமா, இடத்தை மாற்றிப் போடலாமா? நிலவியல் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

இன்னும் ஆழமாகப் போடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வண்டி இன்னும் உங்கள் வாசலில் நின்றால் "இன்னொரு நூறு அடி பாத்துரலாம் சார்" என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கும், அந்த நூறு அடியை எங்கள் அப்பா மூன்று போரிலும் போட்டார்.

நான் சேலம் அரசு கலைக் கல்லூரியில் நிலவியல் படித்தவள். படித்து முடித்த கையோடு இரண்டு வருடம் ஒரு நிலத்தடி நீர் ஆய்வில் களப்பணி பார்த்தேன். கொண்டப்பநாயக்கன்பட்டி, கண்ணங்குறிச்சி, குரும்பப்பட்டி என்று சேர்வராயன் மலையடிவாரம் முழுக்கக் கிணறு கிணறாக அளந்துகொண்டு திரிந்த காலம் அது. அதனால் இது பாதி படித்தது, பாதி கண்ணால் பார்த்தது.

நம் ஊரில் "நீரோட்டம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு பூமிக்கு அடியில் ஆறு ஓடுவதாகவே எல்லோரும் நினைக்கிறோம். சேலத்துக்கு அடியில் அப்படி எதுவும் ஓடவில்லை. மலை முழுக்க சார்னகைட் என்ற பாறை, சமவெளியில் பெரும்பாலும் நைஸ் என்ற வரிவரியான பாறை, இரண்டுமே சுமார் 250 கோடி வருடப் பழசு. சார்னகைட் என்ற பெயர் வந்த கதையும் நம்ம ஊர்க்கல்லின் கதைதான்: கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் வைத்திருந்தது சென்னை பரங்கிமலைப் பக்கத்துக் கல், 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறையை வைத்தே இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். ஏற்காடு போகும் வழியில் கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய இடத்தில் நின்று பாருங்கள், கரும்பச்சையாக, மணிமணியாக, உடைத்த பக்கம் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். அந்தக் கல்லை ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டாலும் உள்ளே போகாது. மணல் பூமி மாதிரி இடுக்கில் தண்ணீர் தங்குவதற்கு அதில் இடமே கிடையாது.

அப்படியானால் தண்ணீர் எங்கே இருக்கிறது? இரண்டு இடத்தில். ஒன்று, மேலே இருக்கிற உளுத்த பாறை. வெயிலும் மழையும் பல லட்சம் வருடமாகத் தின்று, கையால் நசுக்கினால் உதிர்கிற பதத்தில் இருக்கும். நம் பக்கம் சில இடத்தில் 30 அடி, சில இடத்தில் 80, 100 அடி வரை போகும். இன்னொன்று, அதற்குக் கீழே கெட்டிப் பாறையில் இருக்கும் வெடிப்புகள். மேலே உள்ள உளுத்த பாறைதான் பானை, வெடிப்பு வெறும் குழாய். பானையில் இருந்தால்தான் குழாயில் வரும். கீழே போகப் போக மேலே இருக்கும் பாறையின் பாரமே வெடிப்புகளை இறுக்கி மூடிவிடும், அதனால் ஆழம் கூடக் கூட நல்ல வெடிப்பு கிடைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போர் ஒரு வெடிப்பைக் குத்திவிட்டது, உங்களுடையது பத்தடி தள்ளித் தப்பிவிட்டது, பெரும்பாலும் விஷயம் இவ்வளவுதான். சில இடத்தில் டைக் என்கிற கருங்கல் சுவர் பூமிக்குள் குறுக்கே நிற்கும். சேலம், தர்மபுரிப் பக்கம் இது நிறைய. மேட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும், பள்ளத்துப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. அயோத்தியாப்பட்டணம் பக்கம் தாத்தா காலத்துக் கிணறு ஒன்று இருந்தது, 25 அடிக்கு 25 அடி, 55 அடி ஆழம். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது, "இனிமேல் யாரு கண்ணு கிணத்துல எறைக்கப் போறா" என்று சொல்லி அப்பா அதில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மூடினார். அடுத்த வருடமே போர். ஒருவர் வந்து கருவி வைத்து அளந்து, "750 அடி, 3 இன்ச் தண்ணீர்" என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி வந்தது. முதல் போரில் 620 அடியில் பாறையை உடைக்கும் சுத்தியல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. இரண்டாவது 900. மூன்றாவது 1,100. கம்ப்ரசர் அடித்த அடியில் வெளியே வந்த வெள்ளை மாவு பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் படிந்தது. அம்மாவின் நகை அடகுக்குப் போனது அந்த மூன்றாவது போருக்குத்தான்.

நாலைந்து வருடம் கழித்து, கல்லூரியில் மின்தடை முறை கற்றுக்கொண்ட பிறகு, பீரோவில் இருந்த அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த முறை என்னவென்றால், நேர்கோட்டில் நாலு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, வெளிக்கம்பி இரண்டில் மின்சாரம் விட்டு, உள்கம்பி இரண்டில் மின்னழுத்தம் அளப்பது. வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வைக்க இன்னும் ஆழம் தெரியும். சித்திரை வெயிலில் மண் காய்ந்து கிடந்தால் மின்சாரம் இறங்காது, கம்பியடியில் குடத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அளப்போம். ஈரமான உளுத்த பாறை என்றால் மின்தடை எண் பத்துகளில், நூறில் நிற்கும், கெட்டிப் பாறை என்றால் ஆயிரங்களுக்கு ஏறிவிடும். அப்பா வைத்திருந்த தாளில் கோடு கிட்டத்தட்ட 18 மீட்டர் வரை தாழ்ந்து கிடந்தது, அதற்கப்புறம் 45 டிகிரியில் நேராக மேலே ஏறியது. நிலவியல் படிக்கிற எந்தப் பிள்ளையிடம் காட்டினாலும் சொல்லும், இது 60 அடி வரை தண்ணீர், அதற்குக் கீழே கெட்டிப் பாறை என்று. 60 அடி. நாங்கள் மூடிய கிணறு 55 அடி. தண்ணீர் எங்கே என்று அந்தத் தாளிலேயே இருந்தது, அதன் அடியில் 750 அடி என்று எழுதியிருந்தது. அப்பாவிடம் அதை விளக்கிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

இன்னொன்று, கம்பிகளுக்கு இடையே உள்ள மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு ஆழம்தான் இந்த முறையில் ஓரளவு நம்பகமாகத் தெரியும். வீட்டு மனையில், தெருவில் 150 மீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுத்தாலே பெரிது. 800 அடியில் இருக்கும் விரல் தடிமன் வெடிப்பை அங்கிருந்து யாராலும் பார்க்க முடியாது. அப்படிச் சொல்பவர் கருவி வைத்திருந்தாலும் சரி, தேங்காய் வைத்திருந்தாலும் சரி, நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறரை இன்ச் போர் ஆயிரம் அடிக்கும் விளிம்பு வரை நிறைந்து நின்றாலும் உள்ளே இருப்பது சுமார் 6,500 லிட்டர். எங்கள் பழைய கிணறு நிறைந்தால் 9.7 லட்சம் லிட்டர். உளுத்த பாறையில் பிழிந்தால் வருகிற தண்ணீர் அதன் கன அளவில் 2 சதவீதம் என்று வையுங்கள், ஒரு ஏக்கரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் நமக்குக் கிடைப்பது சுமார் 80,000 லிட்டர்தான், அதாவது ஆறேழு லாரித் தண்ணீர். சேலத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 950 மில்லிமீட்டர் மழை, அதில் பத்தில் ஒரு பங்கு பூமிக்குள் இறங்கினால் நீர்மட்டம் நாலைந்து மீட்டர் ஏறும். கிணறுகளில் நான் அளந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அதற்கு மேல் உறிஞ்சினால் அடுத்த வருடத்துத் தண்ணீரை இப்போதே எடுக்கிறோம்.

அளப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்பார்கள். இரும்பு டேப்பின் நுனியில் எடை கட்டி, கடைசி ஒரு மீட்டருக்கு சாக்பீஸ் தேய்த்துவிட்டு இறக்குவோம். நுனி தண்ணீருக்குள் போய்விட்டது என்று தெரிந்ததும் தோதான ஒரு எண்ணை கிணற்று விளிம்பில் பிடித்துக் குறித்துக்கொண்டு மேலே இழுத்தால், நனைந்த இடத்தில் சாக்பீஸ் நிறம் மாறி ஒரு கோடு தெரியும். கழித்துப் பார்த்தால் நீர்மட்டம். குரும்பப்பட்டியில் ஒரு ஆயா நான் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டை வந்து பார்ப்பார், "இன்னும் ரெண்டு மொழம் இருக்குது பாப்பா, பங்குனி தாண்டிரும்" என்பார். அவர் முழத்தில் சொன்னதும் என் மீட்டரும் பெரிதாக வித்தியாசப்பட்டதில்லை.

அந்த மலையடிவாரக் கிணறுகளில் சமவெளியை விட நீர் தாமதமாக வற்றும், அதற்கு மலையே காரணம். மேலே சேர்வராயன் கோயில் பீடபூமியில் பாறை உளுத்து உளுத்து, சிலிக்கா எல்லாம் கரைந்தோடி, அலுமினியம் மிச்சமாகி பாக்சைட் ஆகியிருக்கிறது. ஒரு காலத்தில் அதை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டு போனார்கள். கையில் எடுத்தால் ஓட்டை ஓட்டையாக, லேசாக இருக்கும். இந்தத் துளை நிறைந்த மூடியும், மரநிழலில் சருகு படிந்த காபித் தோட்ட மண்ணும், கோயில் காடுகளில் மிஞ்சியிருக்கும் பழைய மரங்களின் வேரும் மழையைப் பிடித்து மெதுவாக விடுகின்றன. 1820களில் ஆங்கிலேயர் காபி கொண்டு வந்தார்கள், அப்புறம் ஆஸ்திரேலியாவிலிருந்து சில்வர் ஓக் வந்தது, மலையின் முகம் மாறிவிட்டது. ஆனாலும் மண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு நிழல் இருக்கும் வரை தண்ணீர் இறங்குகிறது. சரிவை மட்டம் தட்டி சிமெண்ட் போட்ட இடத்தில் மழை பெய்த அன்றே செம்மண்ணோடு ஓடைக்குப் போய்விடுகிறது. மலையில் விடுதி கட்டுவதற்கும் அடிவாரத்தில் கிணறு வற்றுவதற்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

தண்ணீரின் ருசியையும் பாறைதான் முடிவு செய்கிறது. மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் வெள்ளைக்கல் வெட்டுகிறார்களே, அந்த இடத்தில் டூனைட் என்ற பாறையில் கரியமில வாயு கரைந்த தண்ணீர் புகுந்து, மெக்னீசியம் கார்பனேட்டாக மாறி வெடிப்பெல்லாம் வெள்ளை நரம்பு மாதிரி ஓடுகிறது. ஆங்கிலேயர் அதைச் சுண்ணாம்புக் குன்று என்றே எழுதிவிட்டார்கள், அங்கே சுண்ணாம்பு இல்லை. அந்தப் பக்கத்துத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததற்கு மெக்னீசியம் காரணம். இதைவிட முக்கியம் ஃபுளோரைடு. தண்ணீர் ஆழத்தில் பாறையோடு பல வருடம் ஒட்டிக் கிடந்தால் அது கூடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5க்கு மேல் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் அடர்ந்துவிடும். எந்த போரில் தண்ணீர் வந்தாலும் பரிசோதனைக்குக் கொடுக்காமல் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம். முதலில் அந்த 1,050 அடிக் குழியை இன்றே இரும்பு மூடி போட்டு வெல்டிங் வையுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது இப்படிக் கைவிட்ட போரில்தான். அதை மழைநீர் சேமிக்கப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர் தராத போர் தண்ணீர் குடிக்கவும் செய்யாது, உள்ளே வெடிப்பு இருந்தால்தானே.

இரண்டாவது, உங்கள் போரில் கேசிங் எத்தனை அடி இறக்கினார்கள் என்று பாருங்கள். மண் சரியாமல் இருக்க உளுத்த பாறை முழுக்க கேசிங் குழாய் இறக்கிவிடுவார்கள், தண்ணீர் இருக்கிற ஒரே அடுக்கையும் அதுவே அடைத்துவிடும். துளையிட்ட கேசிங் கேட்டிருந்தால் மேல் தண்ணீராவது கொஞ்சம் கசிந்து வந்திருக்கும்.

மூன்றாவது, மனையில் பழைய கிணறு இருந்தால் தூர் வாருங்கள், மூடியிருந்தால் தோண்டுங்கள். கிணறே இல்லை, இடமும் சிறியது என்றால் 30, 40 அடியில் ஒரு உறை கிணறு. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் வருடத்துக்கு 70,000 லிட்டருக்குக் குறையாமல் மழை விழுகிறது, ஜல்லி, மணல் வடிகட்டி வைத்து அதில் விடுங்கள். திருமணிமுத்தாறு ஓரத்தில் வீடு என்றால் மட்டும் மேல் தண்ணீரைக் குடிக்கவேண்டாம், அந்த ஆறு ஊருக்குள் சாக்கடையாகத்தான் ஓடுகிறது. பக்கத்தில் ஏரி இருந்தால் அதை விடாதீர்கள். கண்ணங்குறிச்சி மூக்கனேரியை 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, எடுத்த மண்ணிலேயே ஏரிக்குள் தீவு தீவாகப் போட்டு மரம் நட்டார்கள். இப்போது அந்தத் தீவுகளில் கொக்கும் நாரையும் அடைகின்றன.

அந்த 240 அடி வீட்டுக்காரரிடம் எத்தனை அடியில் முதல் ஈரம் தட்டியது, கேசிங் எத்தனை அடி, சித்திரையில் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடினால் நிற்கிறது என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் போரிலிருந்து அது எந்தத் திசை, பக்கத்து ஓடை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.