கொந்தளிக்கும் நீரில் எண்ணெய்

கேள்வி: ‘போர் ஆயில் ஆன் டிரபிள்டு வாட்டர்ஸ்’ (கொந்தளிக்கும் நீரில் எண்ணெய் ஊற்றுதல்) என்ற ஆங்கில மரபுத்தொடருக்கு, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதைப் போலச் சண்டையை வளர்ப்பது என்று பொருள் கொள்ளலாமா?

பதில்: கூடாது. பொருள் நேர் எதிரானது. மனக்கசப்பும் வாக்குவாதமும் முற்றியிருக்கும் இடத்தில், இதமான பேச்சால் இறுக்கத்தைத் தணிப்பதையே இத்தொடர் குறிக்கிறது.

இங்கே எண்ணெய் விழுவது நெருப்பில் அன்று, அலையில். எண்ணெய் கடல்நீரை அமைதிப்படுத்தும் என்பதையும், முத்துக்குளிப்போரைப் போல நீரில் மூழ்குவோர் எண்ணெயை வாயிலிருந்து உமிழ்வர் என்பதையும் முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இதைச் சோதித்தே பார்த்தார்: லண்டன் கிளாப்ஹம் பகுதிக் குளத்தில் அவர் விட்ட ஒரு தேக்கரண்டி எண்ணெய் மெல்ல விரிந்து, ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பைக் கண்ணாடிபோல் ஆக்கியதாக 1774இல் வெளியான கட்டுரையில் அவர் விவரித்திருப்பது இன்று படித்தாலும் வியப்பூட்டுகிறது. நீர்மேல் படரும் மிக மெல்லிய படலம் சிற்றலைகளை அடக்குவதால், காற்றுக்குப் பிடிமானம் குறைகிறது.

பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘கூட்டத்தில் இரு தரப்பும் மோதிக்கொண்டபோது தலைவர் எண்ணெய் ஊற்றினார்’ என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், பழியே அவர்மேல் விழும். ‘தலைவர் சமாதானப்படுத்தினார்’ என்று எழுதுவதே முறை. மேலும், பூசலின் காரணம் முழுதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு இத்தொடர் பொருந்தாது.