மரப்பெட்டியில் எந்த விதி முதலில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மரம் + பெட்டி = மரப்பெட்டி. ‘ம் கெட்டது, ப் மிகுந்தது’ என்று இரண்டு விதி சொல்லிக்கொடுத்தார்கள். இவை தனித்தனி விதிகளா, ஒன்றையொன்று சார்ந்தவையா? மொழியியலாளர்கள் ஒலி விதிகளை எப்படி அடுக்குகிறார்கள்?

கு.

அன்புள்ள கு.,

சார்ந்தவைதான். ப் மிகுவதற்கு அதன் முன்னால் ஓர் உயிர் வேண்டும். ‘மரம்’ மெய்யில் முடிகிறது. ம் போன பிறகுதான் ‘மர’ என்று உயிர் வெளியே வருகிறது, அடுத்த விதிக்கு வேலை கிடைக்கிறது. நன்னூலார் இதை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்: ‘இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன்’ க, ச, த, ப மிகும் என்கிறார். ‘பலா’ இயல்பாக உயிரில் முடிவது, ‘மர’ விதியால் முடிவது. அந்த ‘விதியினும்’ என்பதைக் கவனிக்காமலே மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருவன்.

1968இல் நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் ஆங்கில ஒலியமைப்பைப் பற்றி எழுதிய நூல் இதையே பெரிய அளவில் செய்தது. மனத்தில் ஓர் அடிவடிவம், அதன்மேல் வரிசையாக விதிகள், ஒன்றின் விளைவு அடுத்ததற்கு இடுபொருள். ஒரு விதி இன்னொன்றுக்கு வாய்ப்பை உண்டாக்குவதை ‘ஊட்டுதல்’ என்றார் பால் கிபார்ஸ்கி. வாய்ப்பைப் பறிப்பதற்கும் ஒரு பெயர் வைத்தார். பிறகு 1980களில் அவரும், மலையாளத்தை வைத்துக் கே.பி. மோகனனும், சொல் உருவாகும்போதே இயங்கும் விதிகளை ஒரு கட்டாகவும், சொற்கள் சேர்ந்த பின் இயங்குபவற்றை வேறு கட்டாகவும் பிரித்தார்கள்.

1993இல் ஆலன் பிரின்ஸும் பால் ஸ்மோலென்ஸ்கியும் வரிசையையே தூக்கிப்போட்டார்கள். அவர்களிடம் விதிகள் இல்லை, கட்டுப்பாடுகள்தான். ‘சொல் மெய்யில் முடியக் கூடாது’ என்று ஒன்று, ‘இல்லாத ஒலியைச் சேர்க்காதே’ என்று இன்னொன்று. இரண்டும் மோதும்போது மேலே இருப்பது ஜெயிக்கும். பேச்சில் முதலாவது மேலே, அதனால் ‘பாலு’. எழுத்தில் இரண்டாவது மேலே, அதனால் ‘பால்’. மொழிக்கு மொழி மாறுவது தரவரிசை மட்டுமே. அழகான யோசனை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு ‘அவன்’ இடிக்கிறது. பேச்சில் கடைசி ன் ஒலிப்பதில்லை, அதன் முன்னுள்ள அகரம் மட்டும் மூக்கால் வருகிறது. ‘அவனா?’ என்று கேட்டால் ன் திரும்பி வந்துவிடும், ஆகவே அது உள்ளே இருக்கிறது. மூக்கொலியாக்கம் முதலில், ன் கெடுவது அப்புறம் என்றால் கணக்கு நேராகிறது. காரணம் போய்விட்டது, விளைவு நிற்கிறது. இடைப்படி எதுவும் இல்லாமல், அடிவடிவத்தையும் இறுதி வடிவத்தையும் மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் கோட்பாடு, இறுதியில் இல்லாத ன் அகரத்தை மூக்கொலியாக்கியதை எப்படி விளக்கும்? அந்த முகாமைச் சேர்ந்த ஜான் மெக்கார்த்தியே இப்படிப்பட்ட சிக்கல்களுக்காக 2007இல் படிப்படியான மாற்றத்தை உள்ளே கொண்டுவந்தார். நான் இன்னும் வரிசைக் கட்சிதான்.

உங்கள் ‘மரம்’கூட இப்படித்தான். பேசுகிற மாதிரி ஒருமுறை சொல்லிப் பாருங்கள், கடைசியில் உதடு மூடுகிறதா என்று.