பெங்களூரு மருத்துவரின் இணையவழி மருந்துச்சீட்டு சென்னையில் செல்லுமா? என் தாயாருக்கு எழுதிய சீட்டை மயிலாப்பூர் மருந்துக் கடை மறுத்துவிட்டது.

செல்லும். மருத்துவர் கர்நாடகத்தில் பதிவு செய்தவர் என்பதற்காக, அவர் காணொலியில் உங்கள் தாயாரைப் பார்த்து எழுதிய இரத்த அழுத்த மாத்திரைகளை மயிலாப்பூர் மருந்துக் கடை மறுக்க வேண்டியதில்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களின்படி, பதிவு பெற்ற மருத்துவர் இந்தியாவின் எப்பகுதியில் உள்ள நோயாளிக்கும் ஆலோசனை வழங்கலாம்.

மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் சீட்டின் வடிவமாகவே இருக்கும். வாட்ஸ்அப்பில் மாத்திரையின் பெயரை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பினால் அது மருந்துச்சீட்டு ஆகாது. மருத்துவரின் பதிவு எண், கையொப்பம், தேதி, தாயாரின் பெயர், முகவரி, உட்கொள்ளும் அளவு, மொத்த எண்ணிக்கை ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். ஒரே சீட்டைக் கொண்டு மாதந்தோறும் வாங்குவதாக இருந்தால், மீண்டும் வழங்கலாம் என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ஏதேனும் விடுபட்டிருந்தால் கையொப்பமிட்ட படியைத் தயங்காமல் கேளுங்கள், அதை முறையாக அளிப்பது மருத்துவரின் கடமை.

ஆனால் மார்ஃபின் போன்ற போதை வகை மருந்துகளையும் அட்டவணை எக்ஸ் (மருந்து விதிகளில் கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவற்றின் பட்டியல்) மருந்துகளையும் அந்த வழிகாட்டுதல்கள் தொலைமருத்துவத்தில் எழுதத் தடை செய்கின்றன. சீட்டில் அப்படி ஒன்று இருந்தால் கடைக்காரர் மறுத்தது சரியே. தாயாரை நேரில் அழைத்துச் சென்று காட்டுங்கள்.