கேட்ட அளவுதான் கணக்கு: கிளஸ்டர், கிரிட், கிளவுட் பங்கீடு பற்றிக் கேள்வி பதில்

ஒரே கணினியைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ளும் விஷயத்தில் மனதில் இருக்கும் எதையும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். ஆறு வருடம் ஒரு ஆய்வகக் கிளஸ்டரையும் (பல கணினிகளை இணைத்த தொகுப்பு), அதற்கப்புறம் புரோகிராம்களைப் பல சர்வர்களில் பிரித்து ஓட்டும் குபெர்னெட்டீஸையும் கவனித்துக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி (பொறியியல் மூன்றாமாண்டு மாணவர்): அண்ணா, கிரிட்டும் கிளவுடும் ஒன்றா வேறா? பாடத்தில் படித்தால் ஒரே மாதிரி இருக்கிறது.

பதில்: மென்பொருளைப் பார்த்தால் குழப்பம்தான் வரும் தம்பி, இயந்திரம் யாருடையது என்று பாருங்கள். கிரிட்டில் பல நிறுவனங்கள் தங்கள் இயந்திரங்களைப் பொதுவில் வைக்கின்றன, ஆனால் சாவி அவரவர் கையிலேயே இருக்கும். ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் அணுத் துகள்களை மோதவிடும் லார்ஜ் ஹேட்ரான் கொலைடரில் இருந்து வரும் தரவை அலசுவதற்கு 40க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 170 கணினி மையங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. நம் நாட்டில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தாவின் விஇசிசி சைக்ளோட்ரான் மையமும் அதில் இரண்டாம் அடுக்கு மையங்கள். இந்த வருடம் இவ்வளவு சிபியு, இவ்வளவு டிஸ்க் தருகிறோம் என்று மையங்கள் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடும். பயன்படுத்தும் விஞ்ஞானி மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டுவதில்லை, அதற்குப் பதில் வரிசையில் காத்திருப்பார். கிளவுடில் வீட்டுக்காரர் ஒருவர், குடியிருப்பவர்கள் லட்சக்கணக்கில். அமேசான் 2006 ஆகஸ்டில் ஈசி2 என்ற வாடகை சர்வர் சேவையைத் தொடங்கியபோது மணிக்கு 10 சென்ட் கட்டினால் ஒரு சர்வர் கையில் வந்தது. அதனால் கிரிட்டில் பெரிய கேள்வி ‘அடுத்து யார்’ என்பது, கிளவுடில் ஒரே இயந்திரத்துக்குள் குடியிருக்கும் பத்துப் பேரில் ஒருவர் இன்னொருவரை நசுக்காமல் பார்ப்பது எப்படி என்பது.

கேள்வி (ஆராய்ச்சி மாணவி, வேதியியல்): எங்கள் ஸ்லர்ம் கிளஸ்டரில் என்னுடைய ஜாப் மூன்று நாளாக பென்டிங்கிலேயே இருக்கிறது. எனக்கு அப்புறம் போட்டவருடைய ஜாப் நேற்று ஓடி முடிந்தும் விட்டது. இது என்ன நியாயம் சார்? நான் கேட்டது நான்கு நோடு, ஏழு நாள்.

பதில்: உங்கள் ஆத்திரம் புரிகிறது, ஆனால் அவர் உங்களை முந்தியதால் உங்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதம் ஆகியிருக்காது என்பதுதான் பெரும்பாலும் உண்மை. உங்களுக்கு நான்கு நோடு, அதாவது கிளஸ்டரில் நான்கு கணினி, ஒரே நேரத்தில் வேண்டும். இப்போது இரண்டு காலியாக இருக்கிறது, மற்ற இரண்டு நாளை காலைதான் காலியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்த இரண்டு நோடும் சும்மா கிடக்க வேண்டுமா? நாளை காலைக்குள் முடிந்துவிடும் என்று எழுதிக்கொடுத்த ஒரு சின்ன ஜாப் வந்தால், எது எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் (உங்கள் இடத்தில் ஸ்லர்ம்) அதை அந்த இடைவெளிக்குள் சொருகிவிடும். இதற்குப் பெயர் பேக்ஃபில். 1990களின் நடுவில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஐபிஎம் இயந்திரம் ஒன்றுக்காக எழுதப்பட்ட ஈஸி என்ற ஷெட்யூலரில் இருந்து பரவிய யோசனை, இன்றைக்குப் பெரிய கிளஸ்டர்களில் இது இல்லாத இடம் அபூர்வம்.

இப்போது உங்கள் பக்கம் வருவோம். ஏழு நாள் என்று ஏன் போட்டீர்கள்? உங்கள் ஜாப் உண்மையிலேயே ஏழு நாள் ஓடுமா, அல்லது அந்த க்யூவில் அனுமதிக்கும் உச்சவரம்பு ஏழு நாள் என்பதால் போட்டீர்களா? நான் கிளஸ்டர் பார்த்த காலத்தில் ஒருவர் மாதக்கணக்கில் ஐந்து நாள் கேட்டுக்கொண்டே இருந்தார், அவருடைய ஜாப்கள் ஒன்பது பத்து மணி நேரத்தில் முடிந்துகொண்டே இருந்தன. பன்னிரண்டு மணி நேரம் என்று மாற்றச் சொன்னேன், அன்றிரவே ஓடியது. ஷெட்யூலருக்கு உங்கள் ஆராய்ச்சி தெரியாது, நீங்கள் எழுதிக்கொடுத்த எண் மட்டும்தான் தெரியும். ஏற்கெனவே முடிந்த ஜாப்களின் கணக்கை எடுத்து உண்மையில் எவ்வளவு நேரம், அதிகபட்சம் எவ்வளவு மெமரி எடுத்தது என்று பார்த்து, அதற்கு மேல் கால்பங்கு கூட்டிக் கேளுங்கள். ரொம்பக் குறைத்தும் கேட்காதீர்கள், நேரம் முடிந்ததும் பாதியில் வெட்டிவிடும்.

இன்னொன்றும் இருக்கலாம், ஃபேர்ஷேர். உங்கள் குழு போன வாரங்களில் நிறையப் பயன்படுத்தியிருந்தால் இப்போது முன்னுரிமை இறங்கும். முறைவைத்துத் தண்ணீர் விடும் ஊரில் போன முறை கூடுதலாகப் பாய்ச்சியவர் இந்த முறை கடைமடைக்காரருக்கு விட்டுக்கொடுப்பதுபோல. ஆனால் இந்தப் பழைய கணக்கு என்றென்றைக்கும் நிற்காது. ஸ்லர்மில் நிர்வாகி எதையும் மாற்றாவிட்டால் ஏழு நாளுக்கு ஒரு முறை பாதியாகத் தேயும். எஸ்க்யூ (squeue) கட்டளையோடு ஸ்டார்ட் (--start) என்ற தேர்வைச் சேர்த்துப் பாருங்கள், உங்கள் ஜாப் எப்போது தொடங்கும் என்று ஷெட்யூலர் நினைக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும்.

கேள்வி (ஆன்லைனில் துணி விற்பவர்): மலிவான கிளவுட் சர்வரில் கடை நடத்துகிறேன். காலையில் பறக்கிறது, மதியம் ஒரு மணி வாக்கில் படுத்துவிடுகிறது. சர்வரை மீண்டும் தொடங்கினாலும் பிரயோஜனம் இல்லை. ஏதாவது வைரஸா?

பதில்: வைரஸாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் வாங்கியிருப்பது ‘பர்ஸ்டபிள்’ வகை சர்வராக இருக்கும். அமேசானின் டி2 மைக்ரோவை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதில் ஒரு கிரெடிட் என்றால் சிபியுவை ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டும் உரிமை. மணிக்கு 6 கிரெடிட் சேரும், அதாவது நிரந்தரமாக உங்களுக்குச் சொந்தமானது 10 சதவீத வேகம்தான். கூட்டம் இல்லாதபோது கிரெடிட் சேர்ந்துகொண்டே போய், 24 மணி நேரத்தில் அதிகபட்சமான 144ல் நிற்கும். அப்படி நிறைந்திருக்கும்போது காலை பத்து மணிக்குக் கூட்டம் வந்து சிபியு முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 60 செலவு, 6 வரவு, நிகரமாக 54 கரையும். 144 கரைய 2 மணி 40 நிமிடம். 12.40க்கு உங்கள் கடை பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். உங்கள் மதியக் கதையோடு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! உங்கள் சேவையின் கண்காணிப்புப் பக்கத்தில் கிரெடிட் இருப்பு என்ற வரைபடம் இருந்தால் அதை மதியம் ஒரு முறை பாருங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் இரண்டு வழி: நிலையான வேகம் தரும் சர்வருக்கு மாறுவது, அல்லது முகப்புப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரிக்காமல், ஒரு முறை தயாரித்ததைச் சேமித்து (cache) வைத்துக் கொடுப்பது. இரண்டாவதை முதலில் செய்யுங்கள், செலவு இல்லை.

கேள்வி: பக்கத்துக் குடித்தனக்காரர் என் சிபியுவைத் தின்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: லினக்ஸில் டாப் கட்டளை அடித்தால் சிபியு வரியின் கடைசியில் எஸ்டி (st) என்று ஒரு எண் வரும், ஸ்டீல் டைம், அதாவது திருடப்பட்ட நேரம். நீங்கள் ஓடத் தயாராக இருந்தும் அடியில் இருக்கும் இயந்திரம் வேறு யாருக்கோ சிபியுவைக் கொடுத்த நேரம் அது. தொடர்ந்து ஐந்து, பத்து சதவீதத்துக்கு மேல் நின்றால் சர்வரை முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள், பெரும்பாலும் வேறொரு இயந்திரத்தில் போய் உட்காரும்.

கேள்வி (டெவாப்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்): எங்கள் குபெர்னெட்டீஸில் எல்லா நோடுகளிலும் சிபியு பயன்பாடு 30 சதவீதம்தான். ஆனாலும் புதிய பாட் போட்டால் சிபியு போதவில்லை என்று பென்டிங்கில் நிற்கிறது. இன்னொரு சர்வீஸ் 137 என்ற எண்ணோடு அடிக்கடி சாகிறது. தலை சுற்றுகிறது அண்ணா.

பதில்: பாட்டை (உங்கள் புரோகிராம் ஓடும் பெட்டி) எந்த நோடில் வைப்பது என்று முடிவெடுக்கும்போது ஷெட்யூலர் ரிக்வெஸ்ட்டை, அதாவது இவ்வளவு வேண்டும் என்று நீங்கள் எழுதிக்கொடுத்த அளவை, மட்டும் கூட்டிப் பார்க்கும், உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்காது. எட்டு சிபியு இருக்கும் நோடில் நான்கு பாட்கள் ஆளுக்கு இரண்டு சிபியு ரிக்வெஸ்ட் போட்டுவிட்டு ஆளுக்கு அரை சிபியு பயன்படுத்தினாலும் அந்த நோடு நிறைந்துவிட்டது. துண்டு போட்டு இடம் பிடித்த பேருந்து மாதிரி, இருக்கை காலி ஆனால் உட்கார முடியாது. யாரோ ஒருவர் பாதுகாப்புக்கு என்று இரண்டு போட்டிருப்பார், மற்றவர்கள் அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்திருப்பார்கள். நான் பார்த்த இடத்தில் எல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. இரண்டு வாரப் பயன்பாட்டை எடுத்து ரிக்வெஸ்ட்களை அதற்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், புதிய நோடு வாங்குவது அதற்கு அப்புறம்.

137க்கு வருகிறேன். சிபியுவும் மெமரியும் ஒரே குணம் கொண்டவை இல்லை. சிபியு குறைந்தால் வேகம் குறையும், பாட் உயிரோடு இருக்கும். மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்க முடியாது, லிமிட்டை, அதாவது நீங்கள் வைத்த உச்சவரம்பை, தாண்டி இன்னும் கேட்டால் லினக்ஸ் கர்னல் அந்தப் புராசஸைக் கொன்றுவிடும். 137 பெரும்பாலும் அதுதான், பாட்டின் விவரத்தில் ஓஓஎம் கில்டு (OOMKilled, மெமரி போதாமல் கொல்லப்பட்டது) என்று இருக்கிறதா பாருங்கள். ஜாவா சர்வீஸ் என்றால் ஹீப் (ஜாவா தன் தரவுக்கு ஒதுக்கும் மெமரி) அளவை லிமிட்டுக்குச் சமமாக வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், ஹீப்புக்கு வெளியேயும் மெமரி செலவாகும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து இதில்தான் மாட்டுவீர்கள் என்பதால் சொல்கிறேன். சிபியு லிமிட் அரை என்று போட்டால் வழக்கமாக ஒவ்வொரு 100 மில்லிசெகண்டிலும் 50 மில்லிசெகண்ட் உங்களுக்கு. உங்கள் புரோகிராமில் நான்கு திரெட் (தனித்தனியாக ஓடும் வேலை இழைகள்) ஒரே நேரத்தில் ஓடினால் அந்த 50 என்பது 12.5 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும், மீதி 87.5 மில்லிசெகண்ட் நான்கும் கைகட்டி நிற்கும். சராசரி பயன்பாடு குறைவாகத் தெரியும், வாடிக்கையாளர் மட்டும் மெதுவாக இருக்கிறது என்று புலம்புவார். எனவே இப்படி நிறுத்திவைக்கப்பட்ட (திராட்டில் ஆன) எண்ணிக்கையையும் சேர்த்துக் கண்காணியுங்கள்.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர்): துறையின் சர்வர்களை இரண்டு குழுக்கள் பகிர்கிறோம். மரபணுக் குழுவுக்கு மெமரிதான் முக்கியம், இயற்பியல் குழுவுக்கு சிபியு. ஆளுக்குப் பாதி என்று பிரித்தோம், இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை.

பதில்: நல்ல கேள்வி சார், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மொத்தம் 36 சிபியு, 144 ஜிபி மெமரி என்று வைத்துக்கொள்வோம். மரபணு ஜாப் ஒன்றுக்கு 1 சிபியு, 8 ஜிபி. இயற்பியல் ஜாப் ஒன்றுக்கு 3 சிபியு, 2 ஜிபி. பாதிப் பாதி பிரித்தால் ஆளுக்கு 18 சிபியு, 72 ஜிபி. மரபணுக் குழு 9 ஜாப் ஓட்டும்போதே மெமரி தீர்ந்துவிடும், 9 சிபியு வீண். இயற்பியல் குழு 6 ஜாப்போடு நிற்கும், அவர்கள் பக்கம் 60 ஜிபி வீண். இதற்கு 2011ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு வழி சொன்னார்கள், டாமினன்ட் ரிசோர்ஸ் ஃபேர்னஸ் என்று பெயர். ஒவ்வொருவரும் எதை அதிக விகிதத்தில் எடுக்கிறார்களோ அந்த ஒன்றை மட்டும் பார்த்து, அந்த விகிதங்களைச் சமமாக்குவது. அப்படிச் செய்தால் மரபணுவுக்கு 12 ஜாப், அது மெமரியில் 96 ஜிபி, மூன்றில் இரண்டு பங்கு. இயற்பியலுக்கு 8 ஜாப், சிபியுவில் 24, அதுவும் மூன்றில் இரண்டு பங்கு. 36 சிபியுவும் ஓடும், இரண்டு குழுவும் முன்பைவிட அதிகம் பெறும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த குணம், தேவையைக் கூட்டிச் சொன்னால் லாபம் இல்லை என்பது. தேவையில்லாத மெமரியையும் சேர்த்துக் கேட்பவரின் பங்குக் கணக்குதான் சீக்கிரம் நிறையும், ஓடும் ஜாப் கூடாது. மீசோஸ் என்ற கிளஸ்டர் பங்கீட்டு மென்பொருளில் இது வந்தது, அதே வேலையைச் செய்யும் ஹடூப் யார்னிலும் இருக்கிறது. உங்களுடையது ஸ்லர்ம் என்றால் சிபியு, மெமரி இரண்டுக்கும் எடை கொடுத்து, இரண்டில் எது பெரியதோ அதை மட்டும் கணக்கில் எடுக்கும்படி அமைக்க முடியும். நிர்வாகியிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பாட் சர்வர் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறதே, நம்பி இறங்கலாமா?

பதில்: ஸ்பாட் என்பது கிளவுடில் மிச்சமாக நிற்கும் சர்வரைத் தள்ளுபடியில் தருவது, தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பாதியில் பிடுங்கினாலும் பரவாயில்லை என்ற வேலைக்குத் தாராளமாக. அமேசான் திரும்ப எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பு சொல்லும், கூகுளில் முப்பது செகண்ட்தான். வீடியோ மாற்றுவது, மாடல் பயிற்சி, டெஸ்ட் ஓட்டுவது எல்லாம் சரி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதுவரை செய்ததைச் சேமித்து (செக்பாயின்ட்) வைத்தால் போதும். டேட்டாபேஸை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஒரே ஜிபியு, பன்னிரண்டு மாணவர்கள். என்ன செய்வது?

பதில்: என்விடியா ஏ100 போன்றது என்றால் மிக் (MIG) என்ற வசதியில் ஏழு துண்டு வரை பிரிக்கலாம், 40 ஜிபி கார்டில் துண்டுக்கு 5 ஜிபி. ஒருவர் மெமரியை இன்னொருவர் தொட முடியாது. பழைய கார்டு என்றால் நேரம் பிரித்துக் கொடுக்கலாம், ஆனால் மெமரிக்கு நடுவில் சுவர் இருக்காது, ஒரு மாணவர் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டால் மற்றவர்களுக்குப் பிழைதான் வரும். அதற்கு ஸ்லர்ம் போட்டு ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று வரிசை வைப்பது எவ்வளவோ மேல்.

கேள்வி (கலைக் கல்லூரி லேப் பொறுப்பாளர்): எங்களிடம் பெரிய சர்வர் எதுவும் இல்லை. லேபில் 60 கணினி மாலை ஐந்து மணிக்கு மேல் சும்மா நிற்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும், நிச்சயம் செய்யுங்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே இதற்காகத்தான் காண்டார் என்ற மென்பொருளை எழுதினார்கள், இப்போது எச்டிகாண்டார் என்று பெயர், இலவசம், விண்டோஸிலும் ஓடும். கீபோர்டை யாரும் கொஞ்ச நேரம் தொடாவிட்டால் அந்தக் கணினிக்கு ஜாப் அனுப்பும், மாணவர் வந்து மவுஸை அசைத்தால் ஜாப்பை நிறுத்திவைக்கும் அல்லது வேறு கணினிக்குத் துரத்தும். இந்த விதிகளை நீங்களே எழுதலாம். 1999ல் தொடங்கி 2020 மார்ச் வரை உலகம் முழுக்க வீட்டுக் கணினிகளுக்கு வேலை அனுப்பிய, வேற்றுக்கிரக உயிர்களின் சிக்னலைத் தேடிய செட்டி அட் ஹோம் (SETI@home) கூட இப்படிச் சும்மா நிற்கும் நேரத்தைத்தான் நம்பியிருந்தது. ஒன்றோடொன்று பேசத் தேவையில்லாத ஆயிரம் சின்ன வேலைகள் இருந்தால் உங்கள் லேபுக்குக் கச்சிதம், அறுபது கணினியும் சேர்ந்து ஒரே பெரிய கணக்கைப் போட வேண்டும் என்றால் லேப் நெட்வொர்க் தாங்காது. முதலில் ஐந்து கணினியில் மட்டும் நிறுவி, ஜாப்களை அரை மணி நேரத்துக்குள் முடியும்படி சின்னதாக வெட்டி ஒரு வாரம் ஓட்டுங்கள். இரவில் காவலர் மெயின் சுவிட்சை அணைக்காமல் இருக்க அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.