பதில்: ‘ஏன் தப்பி ஓடவில்லை?’ என்ற மாணவியின் கேள்வி

வணக்கம். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதியாக இருந்த இத்தாலிய யூத எழுத்தாளர் பிரிமோ லெவியின் முகாம் நினைவுகளைப் பத்தாம் வகுப்பில் வாசித்தபோது, “இத்தனை பேர் இருந்தும் ஏன் யாரும் தப்பி ஓடவில்லை?” என்று மாணவி ஒருவர் கேட்டதற்கு விடை சொல்ல இயலாமல் திகைத்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தத் திகைப்பில் தவறேதும் இல்லை. இத்தாலியப் பள்ளிகளுக்குச் சென்ற லெவியிடமே மாணவர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான், 1976இல் தம் முதல் நூலின் பள்ளிப் பதிப்புக்கு எழுதிய பின்னிணைப்பில் அவர் இதற்கும் விடையளித்தார்.

மழித்த தலை, கோடுபோட்ட உடை, ஓசையின்றி நடக்கவிடாத மரக்கட்டைச் செருப்பு, பசியால் ஒடுங்கிய உடல், மொழி தெரியாத ஊர் ஆகியவற்றோடு வெளியேறுபவருக்குப் புகலிடம் எது என்பதே அவர் விடையின் சாரம். கிளர்ச்சிகளும் நடந்தன: 1943இல் திரெப்ளிங்கா, சோபிபோர் ஆகிய நாஜிக் கொலைமுகாம்களிலும், 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவிலும். பாடநூல்கள் ஏனோ இவற்றை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

வகுப்பில் பேச, லெவி 1986இல் எழுதிய ஒரு நிகழ்ச்சியையே நான் பரிந்துரைப்பேன். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அவரை முகாமின் வரைபடத்தைக் கரும்பலகையில் வரையச் சொல்லி, காவலாளியைக் கொன்று அவன் உடையை அணிந்து, மின்சாரத்தைத் துண்டித்து வெளியேறும் திட்டத்தை விளக்கிவிட்டு, மறுமுறை இப்படி நேர்ந்தால் அதன்படியே செய்யுமாறு அக்கறையோடு சொன்னானாம். அந்தத் திட்டம் எங்கெங்கே உடையும் என்பதை உங்கள் மாணவர்களே கண்டறியட்டும்.